கேமரா காட்டுவதும் சரக்கு இருப்பதும்



கடைக்கு ஒரு தராசு வாங்குவது என்றால் எத்தனை பேரிடம் விசாரிக்கிறோம்! முத்திரை இருக்கிறதா, அடுத்த முத்திரை எப்போது, பழுதானால் யார் வந்து பார்ப்பார் என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணத்தை எடுக்கிறோம். இன்று தராசுக்கு அடுத்தபடியாக நம் கையில் அதிக நேரம் இருப்பது ஸ்மார்ட்போன். வாடிக்கையாளரின் சிட்டை அதில் வருகிறது. பணமும் அதில்தான் வருகிறது. லாரி எந்த ஊரைத் தாண்டியது என்பதும் அதில்தான் தெரிகிறது. அதை வாங்கும்போது மட்டும், "கேமரா எத்தனை மெகா பிக்சல்?" என்ற ஒரே கேள்வியோடு நின்று விடுகிறோம். இது சரியல்ல என்பது என் கருத்து.

நம் நாட்டில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் பேசப்பட்டது. மேற்கு வங்க முதல்வராக இருந்த ஜோதிபாசு பேச, மத்திய அமைச்சர் சுக்ராம் மறுமுனையில் கேட்டார். அந்த நாட்களில் நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே கட்டணம் கட்ட வேண்டும். மணி அடித்தாலே மனம் கணக்குப் போடும். போனில் கேமரா என்பது அதற்குப் பிறகு வந்தது. 1997-இல் அமெரிக்காவில் பிலிப் கான் என்பவர், பிறந்த தம் மகளின் படத்தை மருத்துவமனையிலிருந்தே செல்போன் வழியாகப் பலருக்கும் அனுப்பினார். 2000-ஆம் ஆண்டின் இறுதியில் ஷார்ப் நிறுவனம் தயாரித்த கேமரா போன் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் கேமரா ஒரு மெகா பிக்சலில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான். அன்று விளையாட்டுப் பொருளாக இருந்தது இன்று கடையின் கண்ணாக மாறியிருக்கிறது. கண் என்று ஆன பிறகு அது உள்ளதை உள்ளபடி பார்க்கிறதா என்று கேட்பது முதலாளியின் கடமை அல்லவா?

ஐந்து வருஷம் உழைத்த பழைய போனை மாற்றி, சமீபத்தில் சுமார் 20 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு புதிய போன் வாங்கினேன். கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம். யாருக்கும் விளம்பரம் செய்ய இதை எழுதவில்லை. மூன்று வாரம் கல்லாவிலும் குடோனிலும் வைத்துப் பயன்படுத்தியதில் மனதில் பட்டவற்றை நம்மவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்

பெட்டியின் மேல் 50 மெகா பிக்சல் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து படம் எடுத்துப் பார்த்தால் சாதாரணமாகக் கிடைப்பது 12.5 மெகா பிக்சல் படம்தான். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. அருகருகே உள்ள நான்கு சிறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு புள்ளியாக்குகிறார்கள். அப்போதுதான் வெளிச்சம் குறைந்த இடத்திலும் படம் தெளிவாக விழும். பெரிய எண்ணை வாங்கினால் பெரிய பலன் வரும் என்பதில்லை என்று சொல்லவே இதை எழுதுகிறேன். ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் மாறின. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடு முழுவதும் கிலோவும் லிட்டரும் வந்தன. மெகா பிக்சலுக்கு இன்னும் அப்படி முத்திரை போடுவார் யாரும் இல்லை.

பின்பக்கத்தில் மூன்று வட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் வேலை செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். இந்த விலையில் 'மேக்ரோ' என்று சொல்லி 2 மெகா பிக்சல் கேமரா ஒன்றை வைத்து விடுகிறார்கள். பிஸ்கட் பாக்கெட்டில் உள்ள காலாவதி தேதியை அதனால் எடுத்தால் எழுத்து மங்கலாகவே விழுகிறது. பெரிய கேமராவோ மிக அருகில் கொண்டு போனால் தடுமாறுகிறது. இதற்கு வழி எளிது. பாக்கெட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, திரையில் 2 எக்ஸ் என்பதைத் தொட்டு எடுத்தால் பேட்ச் எண் முதல் விலை வரை அச்சுப் போல விழுகிறது.

கடையில் எல்.இ.டி. விளக்கு எரியும்போது படத்தில் கறுப்புக் கோடுகள் விழுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். போன் கெட்டுவிட்டது என்று நினைத்து சர்வீஸ் கடைக்கு ஓட வேண்டாம். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அதனால் மலிவு விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கு கேமராவுக்குத் தெரிகிறது. விளக்கை மாற்றி எடுங்கள், அல்லது வாசலுக்குக் கொண்டு வந்து எடுங்கள். இன்னொன்று, மிளகாய்த் தூளும் எண்ணெய்க் கையும் உள்ள இடம் நம் கடை. லென்சைப் பருத்தித் துணியால் துடைத்தாலே பாதிக் குறை தீர்ந்து விடும்.

அழகு வேறு, உண்மை வேறு

இனிச் சொல்லப் போவதுதான் முக்கியமானது. புதிய போனில் எடுத்த முதல் படத்தைப் பார்த்து நானே வியந்தேன். சம்பா வத்தல் அப்படி ஒரு சிவப்பு! மூட்டைக்கு அருகில் போனைப் பிடித்துப் பார்த்தேன். மூட்டையில் இருந்த வத்தல் அவ்வளவு சிவப்பில்லை. கொம்பு மஞ்சளும் அப்படியே. டியூப் லைட்டின் கீழ் ஒரு நிறம், வாசல் வெயிலில் ஒரு நிறம், போன் திரையில் மூன்றாவது ஒரு நிறம்.

வெல்லத்தில் நடந்தது வேடிக்கை. மருந்து போடாத கரு நிறத்து உருண்டை வெல்லத்தைப் படம் எடுத்து நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். போன் தன் புத்தியால் அதைப் பளிச்சென்று பொன்னிறமாக்கி விட்டது. வழக்கமாக வாங்கும் அம்மா ஒருவர், "அண்ணாச்சி, இது மருந்து போட்ட வெல்லம் போல இருக்கே!" என்று உடனே கேட்டு விட்டார். வெளுத்த வெல்லத்தைக் கண்டால் சந்தேகப்படும் அளவுக்கு இன்று மக்கள் விவரமாக இருக்கிறார்கள். நல்ல சரக்கை நல்ல போன் கெட்ட சரக்காகக் காட்டி விட்டது! கடைக்கு வந்து நேரில் பார்த்த பிறகுதான் அந்த அம்மாவுக்குத் திருப்தி.

இது ஒரு கம்பெனியின் குறை அல்ல. இன்றைய போன் கேமராக்கள் பல படங்களை ஒரே நொடியில் எடுத்து, சேர்த்து, நிறம் கூட்டி, நிழலை நீக்கி, பார்ப்பவர் கண்ணுக்கு இதமாக ஒன்றைத் தருகின்றன. 2023 மார்ச்சில் உலகம் முழுவதும் பேசப்பட்ட ஒரு சேதி உண்டு. ஒருவர் நிலாவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில் வைத்து, இருட்டறையில் தள்ளி நின்று சாம்சங்கின் உயர்ரகப் போனால் எடுத்தார். மங்கல் படத்தில் இல்லாத மேடு பள்ளங்கள் போன் எடுத்த படத்தில் இருந்தன. நிலா என்று அடையாளம் கண்டால் விவரங்களைக் கூட்டித் தெளிவாக்கும் செயற்கை அறிவு நுட்பம் அதில் உண்டு என்று நிறுவனமே விளக்கம் தந்தது. நிலாவுக்கு அது சரி. நிலாவை நாம் கிலோ கணக்கில் விற்கவில்லை. வத்தலையும் பருப்பையும் விற்கிறோம்.

குழந்தையைப் படம் எடுப்பவருக்கு அழகு வேண்டும். வணிகனுக்கு வேண்டியது சாட்சி. ஆகவே புதிய போன் வாங்கியதும் கேமரா அமைப்பில் 'ஏ.ஐ.', 'அழகூட்டல்', 'பில்டர்' என்று எது இருந்தாலும் அணைத்து விடுங்கள். சில போன்களில் முழுவதும் அணைக்க முடியாது. அதற்கும் ஒரு வழி உண்டு. சரக்கைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைக் காகிதத்தின் மேல் பரப்பி, காகிதமும் தெரியும்படி எடுங்கள். படத்தில் காகிதம் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால், சரக்கின் நிறமும் மாறியிருக்கிறது என்று பார்ப்பவர் தெரிந்துகொள்வார்.

போட்டோ மாதிரி ஆகாது

மண்டிகளில் இப்போது ஒரு புதுப்பழக்கம் பரவி வருகிறது. "மாதிரி அனுப்புங்கள்" என்றால் போட்டோ அனுப்புகிறார்கள். சென்ற வாரம் வெளியூர் மண்டி ஒன்றிலிருந்து எனக்குத் துவரம் பருப்பின் படம் வந்தது. தங்கக் காசைப் பரப்பி வைத்தது போல இருந்தது. "பார்சல் சர்வீஸில் கால் கிலோ போடுங்கள், பார்த்துவிட்டு விலை பேசலாம்" என்று சொன்னேன். வந்தது. குருணையும் தோலும் கையில் தட்டுப்பட்டன. வாயில் போட்டுக் கடித்தால் ஈரம் தெரிந்தது. அந்த விலைக்கு அந்தச் சரக்கு கட்டாது என்று சொல்லி விட்டேன். மண்டிக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் போனும் என் போனைப் போலவே 'உதவி' செய்திருக்கலாம்.

நம் பெரியவர்கள் வத்தலைக் காதருகே ஆட்டிப் பார்த்து விதை சலசலப்பதைக் கேட்டார்கள். மஞ்சளை ஒடித்து உள்நிறம் பார்த்தார்கள். புளியைப் பிசைந்தார்கள். மல்லியைக் கசக்கி மோந்தார்கள். சாக்கு மூட்டையின் அடியில் குத்தூசி விட்டு எடுத்தார்கள், மேலே இருப்பது மட்டும் சரக்கல்ல என்பது அவர்களுக்குத் தெரியும். இவற்றில் எதை ஒரு போட்டோ செய்யும்?

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் மாதிரிப்படி விற்பனை என்பதற்கே 17-ஆவது பிரிவு இருக்கிறது. மொத்தச் சரக்கு மாதிரியின் தரத்தோடு ஒத்திருக்க வேண்டும், வாங்குபவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க நியாயமான வாய்ப்பு வேண்டும் என்பது அதன் சாரம். கைப்பிடி சரக்கு இருந்தால் ஒப்பிடலாம். போட்டோவை வைத்துக்கொண்டு ஈரத்தையும் மணத்தையும் எதனோடு ஒப்பிடுவது? தகராறு வரும்போது சிறு வணிகன்தான் தவிப்பான். எனவே போட்டோவைப் பார்த்து விசாரிக்கலாம், விலை கேட்கலாம். மாதிரி கைக்கு வராமல் அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம்.

இதே நியாயம் நமக்கும் உண்டு. வாடிக்கையாளருக்கு நாம் அனுப்பும் படமும் ஒரு விளம்பரம்தான். தவறான எண்ணம் தரும் விளம்பரத்தை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கடுமையாகப் பார்க்கிறது. சட்டத்தை விடுங்கள். பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறோம் என்று வரும் பெரிய கம்பெனிகளோடு படத்தின் அழகில் நாம் போட்டி போட முடியாது. அவர்களிடம் ஸ்டுடியோ இருக்கிறது. நம்மிடம் இருப்பது, "அண்ணாச்சி கடையில் வாங்கினால் சொன்னது இருக்கும்" என்ற சொல் ஒன்றுதான். அதைப் பில்டர் போட்ட படத்துக்காக இழக்கலாமா?

கேமராவுக்கு ஏற்ற வேலைகள்

அப்படியானால் கேமரா வேண்டாமா என்று கேட்பீர்கள். மிகவும் வேண்டும். அதற்கென்று கடையில் நான்கு வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, பில். ஏஜென்சிகள் தரும் பில்களில் பல வெப்பத் தாளில் அச்சிடப்பட்டவை. அந்தத் தாளில் மை கிடையாது. பூசியிருக்கும் மருந்து சூடுபட்டுக் கறுப்பதுதான் எழுத்து. வெயில், எண்ணெய், பிளாஸ்டிக் உறை ஆகியவை பட்டால் சில மாதங்களில் வெள்ளைத்தாள் ஆகிவிடும். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். எனவே பில் வந்த அன்றே படம் எடுத்து, மாதவாரியாகத் தனித்தனிப் போல்டரில் போடுங்கள். தாளையும் தூக்கிப் போட வேண்டாம்.

இரண்டாவது, சரக்கு இறங்கும் நேரம். நனைந்த மூட்டை, ஒழுகிய டின், உடைந்த பெட்டி ஆகியவற்றை லாரி நிற்கும்போதே, லாரி எண்ணும் தெரியும்படி எடுங்கள். டிரைவர் முன்னிலையில் எடுப்பது நல்லது.

மூன்றாவது, காலாவதி. மாதம் ஒரு முறை அலமாரியைச் சுற்றி வந்து, தேதி நெருங்கிய பாக்கெட்டுகளைப் படம் எடுத்து ஏஜென்சிக்காரருக்கு அனுப்புங்கள். வாயால் சொன்னால் மறந்து போகிறவர்கள் படத்தைப் பார்த்தால் மறுப்பது கடினம்.

நான்காவது, விலாசமும் சீட்டும். பையன் கொண்டு வரும் கையெழுத்துச் சிட்டையைப் படம் எடுத்து வைத்தால், "நான் எழுதியது கால் கிலோ, நீங்கள் போட்டது அரை கிலோ" என்ற பேச்சு எழாது.

இப்படி எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப் போகும், எடுத்த தேதி விவரமும் நீங்கி விடும். முக்கியமானவற்றை 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்புங்கள். மூலப் படத்தைப் போனில் அழிக்காதீர்கள். வழக்கு என்று வந்தால் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கப்படும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. பழைய சாட்சியச் சட்டத்திலும் இதற்குப் பிரிவு இருந்தது. படம் எடுத்து விட்டோம் என்று கணக்குப் புத்தகத்தில் கையெழுத்து வாங்காமல் இருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

ஒரு வேலைக்கு மட்டும் கேமராவைப் பயன்படுத்தக் கூடாது. கடன் பாக்கிக்காரரின் பேரேட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துத் தெருக்குழுவில் போடுவது சில ஊர்களில் நடப்பதாகக் கேள்விப்படுகிறேன். பாக்கி வராது, ஆள் போய்விடுவார், அவரோடு பத்துக் குடும்பம் போய்விடும்.

போன் மாற்றும் நாள்

புதிய போனைக் கையில் எடுத்ததும் பழையதை அணைத்து விடாதீர்கள். மாதத்தின் முதல் வாரத்திலும், தீபாவளி, பொங்கல் நெருக்கத்திலும் மாற்றவே வேண்டாம். வார விடுமுறை நாளில் மாற்றுங்கள்.

யு.பி.ஐ. செயலி சிம்முடனும் போனுடனும் சேர்த்துக் கட்டப்பட்டது. புதிய போனில் அது தானாகவே ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பதிவு செய்துகொள்ளும். ரீசார்ஜ் முடிந்த சிம்மில் அது நடக்காது. பதிவு முடிந்த பிறகும் முதல் 24 மணி நேரத்துக்கு நாம் பணம் அனுப்புவதில் குறைந்த வரம்பு வைப்பது வழக்கம். மொத்த வியாபாரிக்குப் பணம் கட்ட வேண்டிய நாளில் போனை மாற்றினால் கைகட்டி நிற்க வேண்டியதுதான். கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டையை மாற்றத் தேவையில்லை, பணம் வருவது வரும்.

வாட்ஸ்அப் உரையாடல்களைப் புதிய போனுக்கு மாற்றி, பழைய ஆர்டர்கள் வந்து விட்டனவா என்று சரி பாருங்கள். ஒரு வாரம் கழித்து, பழைய போனில் கூகுள் கணக்கை நீக்கி, முழுவதும் அழித்த பிறகே யாருக்கும் கொடுங்கள். பாக்கிப் பட்டியலும் வங்கி விவரமும் அதில்தான் இருக்கின்றன. புதிய போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பேரேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். தொலைந்தால் 2023 மே முதல் நாடு முழுவதற்கும் உள்ள சஞ்சார் சாத்தி வழியாகப் போனை முடக்க அது உதவும்.

மறக்காமல் கடையின் பெயரிலும் ஜி.எஸ்.டி. எண்ணிலும் பில் வாங்குங்கள். போனுக்கு வரி 18 சதவீதம். முறையான பதிவுள்ளவர், வியாபார உபயோகத்துக்கு உரிய அளவுக்கு அதை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவருக்கு இந்த வசதி இல்லை. கேமராவைப் பற்றிக் கேட்கும் முன், "எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் தருவீர்கள்?" என்று கேளுங்கள். விலை உயர்ந்த சில போன்களுக்கு 7 வருஷம் வரை தருகிறார்கள். மலிவானவற்றுக்கு அவ்வளவு கிடையாது. பணம் புழங்கும் போனுக்கு இதுதான் முதல் கேள்வி.

கடைசியாக ஒன்று. நம் போனின் படத்தையே நம்ப முடியாதபோது, வாடிக்கையாளர் போனில் காட்டும் "பணம் போய்விட்டது" என்ற படத்தை மட்டும் எப்படி நம்புவது? போலியாக அப்படிக் காட்டும் செயலிகள் நடமாடுகின்றன. ஸ்பீக்கர் பெட்டி பேச வேண்டும், அல்லது நம் கணக்கில் வரவு தெரிய வேண்டும். அதுவரை சரக்கு மேசையைத் தாண்டக் கூடாது. காலையில் கடை திறந்ததும் புதிய கேமராவால் நம் கியூ.ஆர். அட்டையை ஒரு முறை ஸ்கேன் செய்து நம் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். மேலே வேறு அட்டையை ஒட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஊர்தோறும் உள்ள நம் சங்கங்கள் இதை ஒரு கூட்டத்தில் எடுத்துப் பேச வேண்டும். சரக்குப் படம் அனுப்பும் மொத்த வியாபாரிகள் பகல் வெளிச்சத்தில், பில்டர் இல்லாமல், வெள்ளைக் காகிதத்தின் மேல் எடுத்து அனுப்புவது என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்தலாம். எடுத்த தேதியையும் அந்தக் காகிதத்திலேயே எழுதி விடலாம். 'படம் பார்வைக்கு மட்டும், விலை மாதிரிப்படி' என்று ஆர்டரிலேயே எழுதிக் கொள்ளலாம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. மண்டிக்கும் நல்லது, கடைக்கும் நல்லது. நேர்மையான மண்டிக்காரர் யாரும் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

வசதி வரும்போது வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். புதிய போன் எனக்கு வாரத்தில் பல மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் வத்தல் மூட்டையைப் பிரித்ததும் இன்றும் முதலில் உள்ளே போவது என் கைதான், போன் அதற்குப் பிறகுதான் சட்டைப் பையிலிருந்து வெளியே வருகிறது. நம்மவர்களும் இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.